கத்தியிலிருந்து ஊசி வரை: மார்புக் கட்டியைச் சோதித்த வரலாறு



பழைய கிள்ளான் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் கம்போங் மேடானை அறியாத தோட்டத்து மக்கள் குறைவு. சிலாங்கூரில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. முதலில் பலகை வீடுகள், பிறகு அடுக்குமாடிகள். நம்மிடம் படித்த பிள்ளைகள் சிலரும் அங்கே குடியிருக்கிறார்கள். ஆகவே நல்லது கெட்டதற்கு நாம் அந்தப் பக்கம் போய் வருவதுண்டு.

அப்படிப் போன ஒரு நாள், நம் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஐம்பது வயதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். மார்பில் ஒரு சிறு கட்டி. ஓர் ஆஸ்பத்திரியில் மெல்லிய ஊசி குத்திச் சோதித்திருக்கிறார்கள். முடிவு வந்துவிட்டது.

“ஒன்னும் இல்லைன்னு எழுதியிருக்கு டீச்சர். மகன் படிச்சுச் சொன்னான். ஒன்னும் இல்லைன்னா எதுக்கு இன்னொரு ஊசி, அதுவும் பெரிய ஊசி குத்தணும்னு மறுபடி கூப்பிடுறாங்க? பக்கத்து வீட்டுல சொல்றாங்க, குத்தக் குத்தக் கலைஞ்சு ஒடம்பு பூரா பரவிடுமாம்.”

கடிதத்தை வாங்கிப் படித்தோம். “ஒன்றும் இல்லை” என்று அதில் எழுதியிருக்கவில்லை. எடுத்த செல்கள் சோதனைக்குப் போதவில்லை என்றுதான் எழுதியிருந்தது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது தீர்ப்பு, பின்னது, தீர்ப்பு இன்னும் சொல்லப்படவில்லை என்ற அறிவிப்பு.

“அக்கா, இது பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. பரீட்சைத் தாள் நனைந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்கிறார்கள். மறுபடி எழுதச் சொல்கிறார்கள்” என்றோம். அவருக்கு அது புரிந்தது. ஆனால் பெரிய ஊசியைப் பற்றிய அச்சம் தீரவில்லை. அந்த அச்சத்தின் வேரைத் தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் பாட்டிமார் சொல்வார்கள்: “கட்டின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துத்தான் அனுப்புவாங்க.” இதை அறியாமை என்று நாமும் பல காலம் நினைத்ததுண்டு. பழைய செய்திகளைப் படிக்கப் படிக்க, அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது என்றே தெரிகிறது. அவர்கள் காலத்தில் அப்படித்தான் நடந்தது.

இன்னும் முன்னே போவோம். 1811ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், பாரிஸ் நகரில் ஃபேனி பர்னி என்னும் ஆங்கில எழுத்தாளரின் வலது மார்பை, நெப்போலியனின் படை மருத்துவரான லாரே என்பவர் தம் வீரர்களுக்குக் கைகால் அறுத்த அதே கையால் அறுத்து அகற்றினார். மயக்க மருந்து இல்லாத காலம். அந்த அம்மையார் சிறிது மதுவை மட்டும் அருந்திவிட்டுத் தம் வீட்டுக் கட்டிலில் படுத்தார். என்ன நடந்தது என்பதைப் பல மாதங்களுக்குப் பின் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார்; அக்கடிதம் இன்றும் இருக்கிறது. அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840இல் தான் அவர் இறந்தார். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அவருக்கு இருந்தது புற்றுநோய்தானா? யாருக்கும் தெரியாது. அறுத்தெடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. கையால் தொட்டுப் பார்த்தார்கள், முடிவு செய்தார்கள், அறுத்தார்கள். சாதாரணக் கட்டிக்காகவே அந்த அம்மையார் அத்தனை வேதனையையும் பட்டிருக்கலாம்.

(அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1804இல், ஜப்பானில் ஹனாவோகா என்னும் மருத்துவர் மூலிகை மயக்க மருந்து கொடுத்து ஒரு மூதாட்டியின் மார்புக் கட்டியை அகற்றியிருந்தார். வெளியுலகோடு தொடர்பற்றிருந்த நாடு அது. செய்தி ஐரோப்பாவுக்கு எட்டவில்லை.)

நோயாளியின் உடலிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இன்னதென்று சொல்வதற்கு “பயாப்சி” என்று பெயர். 1879இல் பாரிஸைச் சேர்ந்த தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெஸ்னியே இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் உயிர் என்பதையும் காட்சி என்பதையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கை அது. நம் தமிழில் திசுச் சோதனை என்கிறோம்; ஆஸ்பத்திரியில் பயாப்சி என்று சொன்னால்தான் எல்லாருக்கும் விளங்குகிறது, ஆகையால் நாமும் அப்படியே சொல்வோம்.

பெயர் வந்துவிட்டது, பழக்கம் உடனே வரவில்லை. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மார்பையும், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் ஒரே மொத்தமாக அகற்றும் முறையை 1882இல் தொடங்கி, 1894இல் 50 பெண்களின் விவரங்களை வெளியிட்டார். அந்தக் காலத்தில் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்த பெண்களுக்கு அதுவே ஒரே நம்பிக்கையாக இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் சோதனைக்கு அவர் காத்திருந்தாரா? 1891இல் அவருடன் பணியாற்றிய வெல்ச் என்னும் நோயியல் அறிஞர், ஒரு மார்புக் கட்டியை உடனே உறையவைத்துச் சீவி, அறுவை நடக்கும்போதே விடை சொல்ல முயன்றார். அவர் நுண்ணோக்கியில் பார்த்து முடிப்பதற்குள் ஹால்ஸ்டெட் அறுவையையே முடித்துவிட்டாராம்!

இந்த அவசரத்துக்கு ஒரு தீர்வு 1905இல் வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள மேயோ மருத்துவமனையில், நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே இது புற்றா இல்லையா என்று சொல்ல வழி வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் கேட்டார்கள். லூயி வில்சன் என்னும் நோயியல் மருத்துவர் அதற்கு முயன்றார். அந்த ஊரில் குளிர்காலம் கொடுமையானது. ஜன்னலுக்கு வெளியே வைத்தே சதைத் துண்டை உறையவைத்தார் என்று சொல்வார்கள். நாம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த இறைச்சியை மெல்லிய வில்லைகளாக வெட்டுவது எளிது அல்லவா? அதே தத்துவம்தான். உறைந்த துண்டை மெல்லியதாகச் சீவி, நீலச் சாயம் ஏற்றி, சில நிமிடங்களில் விடை சொன்னார். இது உறைசீவல் முறை எனப்படுகிறது. இன்றும் அறுவைக் கூடங்களில் பயன்படுகிறது.

நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அதிலிருந்து பிறந்த வழக்கத்தைப் பாருங்கள். மார்பில் கட்டி என்று வரும் பெண்ணிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள். கட்டியை வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். புற்று என்று விடை வந்தால், அவள் மயக்கத்தில் இருக்கும்போதே மார்பு முழுவதையும் அகற்றிவிடுவார்கள். இல்லையென்றால் தையல் போட்டு அனுப்புவார்கள். இந்த “ஒரே கட்ட முறை” எழுபது ஆண்டு காலம் நடைமுறையில் இருந்தது. கட்டிலில் ஏறும்போது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே: கண்விழிக்கும்போது மார்பு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். விழித்தவுடன் கையை மெல்ல நகர்த்தித் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்பதையே பல பெண்கள் அறிந்தார்கள்.

நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மேற்கத்திய மரபில் பயின்ற மருத்துவர்களே அந்நாளில் பணியாற்றினார்கள். தோட்டத்து டிரெசரிடம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து வாங்கியே பழகிய நம் பாட்டிமாருக்கு, பட்டணத்து ஆஸ்பத்திரி என்றால் அறுப்பு என்று தோன்றியதில் என்ன வியப்பு? சோதனை என்பதும் அறுவை என்பதும் அன்று ஒன்றாகவே இருந்தன. சோதனை மட்டும் செய்துகொண்டு வீடு திரும்பும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்த வழக்கத்தை அசைத்தவர் ஒரு பெண். மருத்துவர் அல்லர், பத்திரிகை எழுத்தாளர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ரோஸ் குஷ்னர் 1974இல் தம் மார்பில் கட்டியைக் கண்டார். முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், விடையை என்னிடம் சொல்லுங்கள், பிறகு நானே முடிவெடுக்கிறேன் என்றார். அப்படிச் செய்ய இசையும் அறுவை மருத்துவரைக் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அமெரிக்க அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு இதே நோய்க்காக அறுவைக் கூடத்துக்குப் போனார். குஷ்னர் வெள்ளை மாளிகைக்கே தொலைபேசியில் பேசி, ஒரே கட்டமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்ல முயன்றார். அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. உலகின் வலிமை மிக்க நாட்டின் முதல் பெண்மணியும் அன்று மயக்கத்தில் இருந்தபடியே மார்பை இழந்தார். ஆனாலும் பெட்டி ஃபோர்டு செய்த நன்மை ஒன்றுண்டு. தமக்கு வந்த நோயை அவர் மறைக்கவில்லை. அதைக் கேட்ட பல்லாயிரம் பெண்கள் தாங்களாகவே சோதனைக்குச் சென்றார்கள்.

1979இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையங்கள் ஒரு நிபுணர் கூட்டத்தைக் கூட்டின. குஷ்னரும் அக்குழுவில் இடம்பெற்றார். சோதனை வேறு, சிகிச்சை வேறு. பெரும்பாலோருக்கு இரண்டையும் தனித்தனியாகவே செய்ய வேண்டும் என்று அக்கூட்டம் கூறியது. சோதித்த பின் சில நாள் பொறுத்துச் சிகிச்சை தொடங்கினால் கெடுதல் நேராது என்பதும் ஏற்கப்பட்டது. இத்தாலியில் வெரோனேசி 1981இலும், அமெரிக்காவில் ஃபிஷர் 1985இலும் வெளியிட்ட ஆய்வுகள் இன்னொரு கதவைத் திறந்தன. சிறிய புற்றுக் கட்டியாக இருந்தால், அதை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுக் கொடுப்பதும், மார்பு முழுவதையும் எடுப்பதும் உயிர் காப்பதில் சமமே என்பது தெளிவாயிற்று.

சரி, சோதனையைத் தனியாகச் செய்வதென்றால் அதற்கும் ஒரு முறை கத்தி வைக்க வேண்டுமா? இங்குதான் ஊசி வருகிறது. உண்மையில் ஊசி வெகு முன்பே வந்துவிட்டது; மருத்துவ உலகம் அதைக் கண்டும் காணாமல் இருந்தது.

1930இல் நியூயார்க் நகரின் மெமோரியல் மருத்துவமனையில், ஹேய்ஸ் மார்ட்டின் என்ற அறுவை மருத்துவரும் எட்வர்ட் எல்லிஸ் என்ற ஆய்வுக்கூடப் பணியாளரும் சேர்ந்து, ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சிரிஞ்சியால் உறிஞ்சி, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. எனினும் நோயியல் மருத்துவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் பழகியது முழுத் துண்டைச் சீவிப் பார்ப்பது. சிதறிய செல்களைப் பார்த்து எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றார்கள். ஊசி குத்தினால் நோய் பரவாதா என்றும் கேட்டார்கள். ஆம், நம் கம்போங் மேடான் அக்காவின் பக்கத்து வீட்டார் கேட்ட அதே கேள்வியை, அன்று பட்டம் பெற்ற மருத்துவர்களே கேட்டார்கள்!

அதற்கு விடை சொன்னது சுவீடன் நாடு. ஸ்டாக்ஹோம் நகரின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஃபிரான்சென், ஸாயிச்செக் முதலானோர் 1950களிலும் 60களிலும் இன்னும் மெல்லிய ஊசியைக் கொண்டு ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சோதித்து, அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஊசி இரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடித்ததன்று. ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த பருமன். செலவு குறைவு, வலி குறைவு, சில மணி நேரத்தில் விடை. 1970களுக்குப் பின் உலகெங்கும் பரவிய இம்முறை, இந்தியா போன்ற நாடுகளுக்குப் பெரும் வரமாக அமைந்தது.

இந்தியா என்றதும் சென்னை அடையாற்றை நினைக்காமல் மேலே போக மனம் வரவில்லை. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு முயன்று 1954இல் அங்கே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தொடக்கத்தில் பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021இல் மறையும் வரை சாந்தா அம்மையார் அந்த மருத்துவமனை வளாகத்தையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். அவர் ஓயாமல் சொல்லி வந்தது புதிய மருந்துகளைப் பற்றியன்று. சீக்கிரம் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான்.

மெல்லிய ஊசிக்கும் ஓர் எல்லை உண்டு. அது செல்களை உதிரியாகக் கொண்டுவருகிறது. இடிந்த வீட்டின் செங்கற்களை ஒரு கூடையில் அள்ளி வந்து காட்டினால், அவை நல்ல கல்லா, உளுத்த கல்லா என்று கொத்தனார் சொல்வார். ஆனால் சுவர் எப்படி நின்றது, எங்கே விரிசல் விட்டது என்று அவரால் சொல்ல முடியாது. புற்றுநோயில் அந்தச் சுவர்தான் முக்கியம். கெட்ட செல்கள் பால் குழாய்க்குள்ளேயே அடங்கி இருக்கின்றனவா, குழாயை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டனவா? சிகிச்சையே இதைப் பொறுத்து மாறுகிறது. உதிரிச் செல்லைப் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல இயலாது. சில வேளைகளில் போதிய செல்லே கிடைக்காமலும் போகும். நம் அக்காவின் கடிதத்தில் இருந்தது அதுதான். அப்போது ஊசி குத்தியவரையும் குறை சொல்ல முடியாது. சில கட்டிகள் கல்போல் இறுகியிருக்கும், உறிஞ்சினால் எதுவும் வராது.

இனி, பெரிய ஊசிக்கு வருவோம். சந்தையில் அரிசி மூட்டை வாங்கும் வியாபாரி என்ன செய்வார்? மூட்டையை அவிழ்க்க மாட்டார். குத்தூசி என்னும் கூரிய குழாயைச் சாக்கில் செருகி இழுப்பார். உள்ளே இருக்கும் அரிசி குழாய் வழியே அவர் கைக்கு வரும். சாக்குக்குச் சேதம் இல்லை. தடவிவிட்டால் துளை மூடிக்கொள்ளும். பெரிய ஊசிப் பயாப்சி ஏறக்குறைய அந்தக் குத்தூசிதான். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி, வரிச்சுப்போல ஒரு முழுத் துண்டைக் கட்டியிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. சுவர் இடியாமல் வருகிறது என்று சொல்லலாம்.

இவ்வகை ஊசியை 1938இல் சில்வர்மன் என்பவர் அமைத்தார். ஆனால் கையால் செலுத்தியபோது கட்டி நழுவியது, வலியும் இருந்தது. 1982இல் சுவீடனின் உப்சாலா நகரைச் சேர்ந்த லிண்ட்கிரென் வில்லுப்பொறி வைத்த ஒரு கருவியைச் செய்தார். விசையைத் தட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் ஊசி போய் வெட்டிக்கொண்டு நிற்கும். கட்டி நழுவ நேரமில்லை. இடத்தை மரக்கச் செய்யும் ஊசி முன்பே போடப்படுவதால் வலியும் மிகக் குறைவு. சத்தம் மட்டும் “டக்” என்று கேட்கும். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் தூக்கிவாரிப் போடும்.

ஊசியைச் சரியான இடத்துக்குச் செலுத்தக் கண் வேண்டுமே. கைக்குத் தென்படாத சிறு மாற்றங்களை மார்பு எக்ஸ்ரே காட்டத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. படத்தில் தெரிகிறது, கையில் தட்டுப்படவில்லை, எங்கே குத்துவது? அறுவைக்கு முன் கொக்கி முனையுள்ள மெல்லிய கம்பியை அந்த இடத்தில் நட்டு, அதைப் பின்தொடர்ந்து வெட்டி எடுக்கும் முறை 1970களில் வந்தது. 1977இல் கரோலின்ஸ்காவில், இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்துக் கணக்கிட்டு ஊசியைச் செலுத்தும் கருவியை அறிவித்தார்கள். 1990இல் அமெரிக்காவின் ஸ்டீவ் பார்க்கர், இந்தக் கருவியையும் வில்லுப்பொறி ஊசியையும் இணைத்துக் காட்டினார். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே குத்தும் எளிய வழியும் அக்காலத்திலேயே பரவியது. 1995இல், உறிஞ்சும் விசையோடு சுழன்று வெட்டும் இன்னும் தடித்த ஊசி வந்தது. ஒரே துளை வழியாகப் பல துண்டுகளை எடுக்கும். எக்ஸ்ரேயில் உப்புத் தூவியதுபோல் தெரியும் சுண்ணாம்புப் பொட்டுகளைச் சோதிக்க இதுவே ஏற்றது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இந்தப் பழமொழி மார்புக் கட்டிக்குப் பொருந்தாது. ஒரு பக்கம் நல்ல திசுவும் மறு பக்கம் கெட்ட திசுவும் ஒரே கட்டியில் இருக்கலாம். ஊசி ஓரமாகப் போயிருக்கலாம். அதனால்தான் ஒன்றுக்குப் பலவாகத் துண்டுகள் எடுக்கிறார்கள். அதோடும் விடுவதில்லை. கை சொல்வது, படம் சொல்வது, ஊசி சொல்வது ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். மும்முறைச் சோதனை என்பது இதுதான். மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் மறுபடி சோதிப்பார்கள். தேவையானால் கத்தி வைத்துக் கட்டியையே எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே மீண்டும் அழைப்பது மருத்துவர் கற்றுக்கொள்வதற்காக அன்று. மூன்று சாட்சிகளின் சொல்லும் பொருந்த வேண்டும் என்பதற்காக.

பெரிய ஊசிக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்தது. மார்பகப் புற்று எல்லாம் ஒரே வகையன்று. சில, பெண்மைச் சுரப்புநீரை உண்டு வளர்பவை. அவற்றுக்கு மாத்திரையே நல்ல ஆயுதம். சிலவற்றில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கும். அதற்குரிய மருந்து 1998இல் நடைமுறைக்கு வந்தது. எது எந்த வகை என்று அறிய முன்பு பெரிய துண்டே தேவைப்பட்டது. இன்று ஊசியில் வரும் வரிச்சுத் துண்டே போதும். கத்தி வைப்பதற்கு முன்பே மருந்து தொடங்கிக் கட்டியைச் சுருக்கவும் முடிகிறது. இந்தக் காரணங்களால்தான், வசதியுள்ள இடங்களில் மெல்லிய ஊசியை முந்திக்கொண்டு பெரிய ஊசி முதலிடம் பெற்றுவிட்டது. மெல்லிய ஊசி மறைந்துவிடவில்லை. நீர்க்கட்டியை வடிக்கவும், அக்குளில் உள்ள நெறிக்கட்டியைச் சோதிக்கவும், கருவி குறைந்த ஊர்களிலும் அது இன்றும் உழைக்கிறது. எது சிறந்தது என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால், பெரிய ஊசியே என்று நாம் சொல்வோம். கையில் மெல்லிய ஊசி மட்டுமே இருக்கும் ஊரில், நல்ல கண்ணுள்ள மருத்துவர் அதைக் கொண்டே பல உயிர்களைக் காத்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

பரவுமா என்ற கேள்வியை விட்டுவிட்டோம் என்று எண்ண வேண்டாம். ஊசி போன தடத்தில் ஓரிரு செல்கள் சிந்துவது உண்டு. இதை ஆராய்ந்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவை அங்கே உயிர்பிடித்து வளர்வது மிக அரிது. பின்னர் நடக்கும் அறுவையும் கதிர்வீச்சும் அந்தத் தடத்தையும் பெரும்பாலும் கவனித்துக்கொள்கின்றன. ஊசிக்கு அஞ்சி ஒத்திப்போட்ட மாதங்களில் கட்டி தானாகப் பரவுவதே நாம் கண்ணால் காணும் ஆபத்து. கட்டி கலைந்து பரவியது என்று சொல்லப்படும் பலரும், ஏற்கெனவே நெடுநாள் காத்திருந்துவிட்டுச் சோதனைக்குப் போனவர்கள். பரவல் முன்பே நடந்திருந்தது. பழி மட்டும் ஊசியின் மேல் விழுந்தது.

கம்போங் மேடானிலிருந்து சில மைல் தொலைவில், லெம்பா பந்தாயில், 1960களில் எழுந்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. அங்கே 1993 முதல் மார்பகப் புற்றுநோயாளர்களின் விவரங்களைப் பதிவேடாகப் பேணி ஆராய்ந்து வருகிறார்கள். நம் நாட்டுப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்று இதுவே. சீனப் பெண்களுக்கு அடுத்து இந்தியப் பெண்களிடம் இது மிகுதி. தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கைப்படி, கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். சோதிக்கும் ஊசி கூப்பிடு தூரத்தில் இருந்தும் இந்த நிலை. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இளம் பெண்களுக்கு வரும் நழுவும் கட்டிகளும் நீர்க்கட்டிகளும் தீங்கற்றவை. ஆனால் எது எது என்பதைத் தடவிப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. அந்தப் பிழையைத்தான் 1811இல் பாரிஸ் மருத்துவர்கள் செய்தார்கள்.

அந்த அக்கா போனார். மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாம் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எந்த ஊசி, எத்தனை துண்டு, விடை என்றைக்கு? மூன்றுக்கும் அங்கிருந்த இளம் மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னாராம். இரண்டு வாரம் கழித்து விடை வந்தது. புற்றுதான், சிறியது, மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு சில வாரங்கள், சனி ஞாயிறு நீங்கலாக, ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சுக்குப் பேருந்தில் போய் வந்தார். இப்போது இரவில் ஒரு மாத்திரை போடுகிறார். மறந்துவிட்டால் பேத்தி நினைவூட்டுகிறாள்.

சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது அந்தப் பெரிய ஊசியைப் பற்றிக் கேட்டோம்.

“வலியெல்லாம் ஒன்னும் தெரியல டீச்சர். எறும்பு கடிச்ச மாதிரிதான். அந்த டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் பயந்துட்டேன். அந்த டாக்டர் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘ஆச்சி, இன்னும் மூனு தடவ கேக்கும்’னு சொல்லுச்சு. நான் எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன்.”